இயற்கை நிறமிகளை மென்படலத்தில் நிலைக்கச் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூ, வேர், கிழங்கு ஆகியவற்றிலிருந்து எடுத்த நிறமிகளைக் கொண்டு மென்படலம் செய்ய முயலும் முதுநிலை மாணவர்களும், இயற்கைச் சாயத் தொழிலிலிருந்து இந்தத் துறைக்கு வந்த சிலரும் என்னிடம் சந்தேகம் கேட்பது வழக்கம். ஆண்டுதோறும் கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

மென்படலம் என்கிறீர்களே, எவ்வளவு மெல்லியது? துணியில் சாயம் ஏற்றுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இங்கே பேசப்படும் படலங்கள் பெரும்பாலும் 20 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை தடிமன் உள்ளவை. தலைமுடியின் தடிமனை ஒத்தவை என்று வைத்துக்கொள்ளலாம். கைட்டோசான், ஜெலட்டின், அகர், ஸ்டார்ச், பாலிவினைல் ஆல்கஹால் போன்ற பாலிமர் ஒன்றின் கரைசலில் நிறமிச் சாற்றைக் கலந்து, தட்டில் ஊற்றி, மெதுவாக உலர்த்தி உரித்தெடுப்பதே வழக்கமான முறை. கண்ணாடியின் மேல் சுழற்றிப் பூசினால் 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவான படலம்கூடக் கிடைக்கும்.

துணியில் சாயம் இழையின் உட்புறம் வரை இறங்கி அங்கேயே பிடிப்புக் கொள்கிறது. படலத்தில் நிறமிக்கு அத்தகைய மறைவிடம் இல்லை. ஒளி முழுத் தடிமனையும் ஊடுருவுகிறது, காற்று இரு பக்கமும் தொடுகிறது. ஆக்சிஜன் ஊடுருவ ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், படலத்தைப் பாதி தடிமனாக்கினால் அந்த நேரம் கால் பங்காகக் குறைந்துவிடும். துணியில் பல மாதம் நிற்கும் சாயம் படலத்தில் சில நாளில் வெளுப்பதைக் கண்டு வியப்பவர்கள் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

சாயம் பூவிலிருந்து வந்தால் அதுவே இயற்கையைப் பின்பற்றியதுதானே? தனியாக எதைப் பின்பற்றச் சொல்கிறீர்கள்?

மூலக்கூறை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வாழ்ந்த இடத்தை விட்டுவிடுகிறோம். இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் அதுதான். இறால் வெந்ததும் சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் ஓட்டில் இருக்கும் அஸ்டாக்சாந்தின் தனித்து இருக்கும்போது செம்மஞ்சள் நிறம் உடையது. கடல் லாப்ஸ்டரின் ஓட்டில் அதே நிறமி கிரஸ்டாசயனின் என்ற புரதத்தின் பிடியில் இருப்பதால் கருநீலமாகத் தெரிகிறது. கொதிநீரில் புரதம் குலைந்ததும் பிடி விட்டு, நிறமி தன் சொந்தச் சிவப்புக்குத் திரும்புகிறது. மூலக்கூறு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த சூழல்தான் மாறியது.

ஆகவே உயிரினத்தைப் பின்பற்றுவது என்றால், நிறமிக்கு உயிரணுவுக்குள் கிடைத்த துணை, பிடிப்பு, அமிலநிலை, ஈரம், மறைவு ஆகியவற்றில் எவற்றைப் படலத்துக்குள் மீண்டும் உருவாக்க முடியும் என்று தேடுவதாகும். நிலைநிறுத்தும் பொருள் ஒன்றை வாங்கிக் கலந்துவிட்டால் போதும் என்ற எண்ணத்தோடு வருபவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

நிறம் போவதற்கு வெயில் மட்டும்தான் காரணமா?

இல்லை. ஒளி, ஆக்சிஜன், ஈரம், வெப்பம், பிஎச் (அமில, கார நிலையைக் காட்டும் எண்) ஆகியவை ஒன்றையொன்று தூண்டி வேலை செய்கின்றன. ஒளியை விழுங்கிய மூலக்கூறு சிறிது நேரம் கிளர்ந்த நிலையில் இருக்கிறது. அந்த ஆற்றலை உடனே வெப்பமாக வெளியேற்றிவிட்டால் அது தப்பிக்கிறது, இல்லையென்றால் அருகில் உள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு, அதனாலேயே தாக்கப்படுகிறது. அவுரியிலிருந்து கிடைக்கும் நீலம் இவ்வளவு உறுதியாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அதன் மூலக்கூறு தன்னுள்ளேயே ஒரு புரோட்டானை இடம் மாற்றி, ஒளி ஆற்றலை மிக விரைவாகக் கழித்துவிடுகிறது என்பதே. மஞ்சளுக்கு அந்த அளவு திறன் இல்லை. மஞ்சள் கறை பட்ட வேட்டியைத் துவைத்து வெயிலில் காயப்போட்டால் கறை தானே மறைவது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. படலத்திலும் அதேதான் நடக்கிறது.

சாற்றில் இருக்கும் மாசும் ஒரு காரணம். பூவைக் காம்போடும் புல்லிவட்டத்தோடும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் சிறிதளவு பச்சையமும் கூடவே வரக்கூடும். பச்சையம் ஒளியில் ஆக்சிஜனைத் தூண்டிவிடுவதில் வல்லது என்பதால், இதழ்களை மட்டும் ஆய்ந்து எடுத்துக்கொள்ளும் அரைமணி நேர வேலை பின்னால் சேர்க்கும் எந்தப் பாதுகாப்புப் பொருளையும்விடப் பயன் தரலாம். இரும்புப் பாத்திரத்தையும் தவிர்க்க வேண்டும். இரும்பு அயனிகள் பல நிறமிகளைக் கருக்கச் செய்யும்.

எந்த நிறமியைத் தேர்ந்தெடுப்பது? எது அதிக நாள் நிற்கும்?

இதற்கு ஒற்றை வரியில் விடை சொல்ல முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிப் பலவீனம் உண்டு. சங்குப்பூ, நாவல்பழம், கருப்புக் கவுனி அரிசி, சிவப்பு முட்டைக்கோஸ் ஆகியவற்றில் இருப்பது ஆந்தோசயனின். கடும் அமிலத்தில் சிவப்பாக நன்றாக நிற்கும். அமிலம் குறையக் குறையத் தண்ணீர் மூலக்கூறு ஒட்டிக்கொண்டு பல ஆந்தோசயனின்கள் நிறமற்றுப் போகும். நடுநிலையில் ஊதாவும் நீலமும் தோன்றும். காரத்தில் பச்சையாகிப் பிறகு வளையம் திறந்து மஞ்சளாகும். அந்த மஞ்சளிலிருந்து பெரும்பாலும் திரும்பி வர வழியில்லை.

பீட்ரூட், காகிதப்பூ, கொடிப்பசலைப் பழம் ஆகியவற்றின் செம்மை ஆந்தோசயனின் அன்று. அது நைட்ரஜன் கொண்ட பீட்டாலைன். இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. பீட்டாலைன் பிஎச் 3 முதல் 7 வரை நிறம் மாறாமல் நிற்பதால், அமிலம் மாறினாலும் நிறம் மாறக்கூடாத படலத்துக்கு அதுவே ஏற்றது. ஆனால் வெப்பத்தைத் தாங்காது. மஞ்சளின் குர்குமின் காரத்தில் மிக விரைவாகச் சிதையும்; உடல் வெப்பநிலையில், பிஎச் 7.2 உள்ள பாஸ்பேட் கரைசலில் அரைமணி நேரத்துக்குள் ஏறத்தாழ 90 விழுக்காடு அழிந்ததாக ஆய்வு உண்டு. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பதும் இந்தக் கார விளைவுதான். பச்சையம் அமிலத்தில் தன் மக்னீசியத்தை இழந்து பாசி நிறமாகும். அந்த இடத்தில் செம்பை நுழைத்தால் பச்சை உறுதிப்படும். சாமந்தியின் மஞ்சளான லூட்டீன் போன்ற கரோட்டினாய்டுகள் பிஎச் மாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நீண்ட இரட்டைப் பிணைப்புச் சங்கிலி ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாகும், நீரிலும் கரையாது.

எல்லாவற்றையும்விட நிலையானது மெலனின். ஜுராசிக் காலத்துக் கணவாய் இனத்தின் மைப்பையில், 16 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் யூமெலனின் வேதியியல் அடையாளத்தோடு கிடைத்திருக்கிறது. அதன் நிறம் பழுப்பும் கறுப்பும் மட்டுமே என்பதால், நிறத்துக்காக அல்லாமல் மற்றவற்றுக்குக் காவலாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சங்குப்பூச் சாறு கோப்பையில் நல்ல நீலம். கைட்டோசானில் ஊற்றியதும் ஊதாவாகி, உலர்ந்தபின் வெளிறிவிட்டது. சாறு கெட்டுவிட்டதா?

சாறு கெடவில்லை. கைட்டோசான் நடுநிலை நீரில் கரையாது என்பதால் அதை 1 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தில் கரைக்கிறோம். அந்த அமிலத்தில் ஒரு பங்கு உலர்த்தும்போது ஆவியாகிறது; மீதி பாலிமரோடு உப்பாகப் பிணைந்து படலத்திலேயே தங்கிவிடுகிறது. உங்கள் படலத்தின் உட்சூழல் முந்தைய விடையில் சொன்ன வெளிறும் பகுதியை ஒட்டி அமைந்துவிட்டது. சங்குப்பூவின் நிறமி மற்ற ஆந்தோசயனின்களைவிட இதைத் தாங்கும் என்பதால்தான் ஊதாவாவது எஞ்சியது. நாவல்பழச் சாறாக இருந்தால் இன்னும் மங்கியிருக்கும்.

நீலம்தான் வேண்டும் என்றால், நடுநிலை நீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால், அகர், ஜெலட்டின் ஆகியவற்றில் ஒன்றுக்கு மாறுங்கள். கைட்டோசான்தான் வேண்டும் என்றால், நிறமி சேர்க்காமல் படலத்தை முதலில் செய்து, நீர்த்த காரத்தில் நனைத்து அமிலத்தைப் போக்கி, நன்றாகக் கழுவி, பிறகு சாற்றில் ஊறவையுங்கள். சாறு எடுக்கக் குழாய் நீர் வேண்டாம். கடின நீரில் இருக்கும் பைகார்பனேட் பிஎச்சை உயர்த்துவதால், ஊருக்கு ஊர் நிறம் மாறுபடும்.

படலம் உறுதியாக வரவேண்டும் என்று பாலிவினைல் ஆல்கஹாலில் வெண்காரம் சேர்த்தேன். பச்சையாகிவிட்டதே?

வெண்காரக் கரைசலின் பிஎச் 9-ஐ ஒட்டியது. அது பாலிமர்ச் சங்கிலிகளை நன்றாகவே பிணைக்கும். கூடவே ஆந்தோசயனினைக் காரப் பக்கம் தள்ளிவிடும். இரண்டு நாளில் பச்சையும் போய் மஞ்சள் வந்தால் வியக்க வேண்டாம்.

சிட்ரிக் அமிலத்தால் பிணைக்கலாம். ஆனால் அதற்குத் தேவைப்படும் உயர் வெப்பம் நிறமியைத் தாக்கும். ஆல்ஜினேட் என்றால் கால்சியம் போதும். நிறத்தைப் பெரிதாகக் குலைக்காத முறை அது. குளூட்டரால்டிஹைடு என்ற பிணைப்புப் பொருளை உணவோடு தொடர்புள்ள எதிலும் நான் பரிந்துரைப்பதில்லை.

ஆக்சிஜனேற்றம்தான் சிக்கல் என்றால் வைட்டமின் சி சேர்த்துவிடலாமே?

பீட்டாலைன் படலத்துக்குச் சேர்க்கலாம்; அங்கே அது உதவுவதாகவே பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆந்தோசயனின் படலத்துக்குச் சேர்க்காதீர்கள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, தானே ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி நிறமியை வெளுக்கவைக்கிறது. மூலக்கூறோடு நேரடியாகவும் வினைபுரிகிறது. பழரசத் தொழிலில் இது நெடுநாளாகத் தெரிந்த தொல்லை.

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மாணவர்கள். ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்ற பெயரை நம்பிச் சேர்க்கிறார்கள். ஒரு பொருளின் பெயர் அது எல்லா இடத்திலும் அந்த வேலையைச் செய்யும் என்பதற்கு உறுதி அன்று. சேர்த்த படலத்தையும் சேர்க்காத படலத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

துணை நிறமி என்கிறார்களே, அது என்ன? அதுவும் ஒரு சாயமா?

பெரும்பாலும் அதற்குக் கண்ணுக்குத் தெரியும் நிறமே இருக்காது. ஃபிளேவோன், ரோஸ்மாரினிக் அமிலம், ஃபெருலிக் அமிலம் போன்ற தட்டையான மூலக்கூறுகள் ஆந்தோசயனினின் தட்டையான முகத்தின் மேல் அடுக்காக அமர்ந்துகொள்கின்றன. தண்ணீர் வந்து ஒட்டி நிறத்தைப் போக்கும் இடத்தை அவை அடைத்துவிடுவதால் நிறம் ஆழமாகிறது, நாளும் கூடுகிறது.

இந்தத் துறையில் என்னை இன்றும் வியக்கவைக்கும் செய்தி இதில்தான் இருக்கிறது. ரோஜாவின் சிவப்புக்கும் கார்ன்ஃபிளவர் என்ற ஐரோப்பியப் பூவின் நீலத்துக்கும் அடிப்படை சயனிடின் என்ற ஒரே ஆந்தோசயனின் கரு என்பதை 1910-களிலேயே ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் கண்டார். தாவர நிறமிகள் பற்றிய ஆய்வுக்காக 1915-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நீலத்துக்குக் காரணம் காரத்தன்மை என்று அவர் எண்ணினார். உண்மையான விடை 2005-இல் வெளிவந்த படிக அமைப்பில் முழுமையாகத் தெரிந்தது: ஆறு ஆந்தோசயனின், ஆறு ஃபிளேவோன், ஓர் இரும்பு அயனி, ஒரு மக்னீசியம், இரண்டு கால்சியம் ஆகியவை சேர்ந்து ஒரே கூட்டாக நிற்கின்றன. நம் கானாவாழையின் உறவான கம்மெலினா கம்யூனிஸ் பூவிலும் இதே போன்ற கூட்டு உண்டு. அதில் ஆறும் ஆறும் இரண்டு மக்னீசியமும் சேர்ந்திருப்பதை 1992-இல் வெளியிட்டார்கள். சங்குப்பூ இன்னும் ஒரு படி மேலே போய், துணையைத் தன் உடலிலேயே சுமந்துகொள்கிறது: அதன் டெர்னாட்டின் மூலக்கூறில் நீண்ட பக்கக் கைகள் இருக்கின்றன, அவை மடங்கி வந்து நடு முகத்தை மூடிக்கொள்கின்றன. நாவல்பழச் சாறு தோற்கும் இடத்தில் சங்குப்பூ நிற்பது இதனால்தான்.

படலத்தில் இதைச் செய்யத் துணை நிறமியை நிறமியைவிடப் பல மடங்கு அதிகமாகச் சேர்க்க வேண்டியிருக்கும். சூடாக்கினால் அடுக்கு கலைந்துவிடும்; ஆகவே 40 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல், இருட்டில், பொறுமையாக உலர்த்துங்கள்.

சாயக்காரர்கள் படிகாரம் போட்டால் நிற்கும் என்கிறார்கள். படலத்துக்கும் அது பொருந்துமா?

பொருந்தும், அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு துணிகளுக்கு ஏற்றிய சிவப்பு ஐரோப்பாவை மயக்கியதற்குக் காரணம், வேரிலுள்ள அலிசரின் வகை நிறமியும் படிகாரத்தின் அலுமினியமும் கடுக்காயின் டானினும் இழையில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டதுதான். புதுச்சேரிப் பகுதியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ 1742-இல் எழுதிய கடிதத்தில் இந்த முறையைப் படிப்படியாக விவரித்திருக்கிறார். எந்த ஊர்த் தண்ணீர் சாயத்துக்கு ஏற்றது என்று தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்ததற்கும் வேதியியல் பொருள் உண்டு. அலுமினியத்தோடு கால்சியமும் சேர்ந்தால்தான் அலிசரின் சிவப்பு முழுமையாகக் கூடும்.

உலோக அயனி பற்றுவதற்கு நிறமியில் அடுத்தடுத்த இரண்டு ஹைட்ராக்சில் கைகள், அல்லது ஹைட்ராக்சிலும் கார்பனைலும் அருகருகே, இருக்க வேண்டும். சயனிடின், டெல்பினிடின், குர்குமின், அலிசரின் ஆகியவற்றில் அத்தகைய அமைப்பு உண்டு. பீட்டாலைனுக்கு இந்த வழி உதவுவதில்லை. எச்சரிக்கை ஒன்று: அலுமினியம் சேர்த்தால் நிறம் நீலப் பக்கம் நகரும், பிஎச் மாறும்போது நிறம் மாறுவதும் மழுங்கிவிடும். அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. கீழே மீன் பற்றிய கேள்வியில் இதற்குத் திரும்புகிறேன்.

மாயா நீலம் பற்றிப் படித்தேன். அதைப் போல எல்லா நிறமியையும் களிமண்ணில் அடைத்துவிடலாமா?

மெக்சிகோவில் பழைய மாயா மக்கள் விட்டுச்சென்ற போனாம்பாக் சுவரோவியங்களில் 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய நீலம் வெப்பமண்டலக் காட்டின் ஈரத்தைத் தாங்கி இன்றும் நிற்கிறது. செறிந்த நைட்ரிக் அமிலத்தில் போட்டாலும் மாயா நீலம் அழிவதில்லை. அது அவுரி நீலமும் பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணும் சேர்ந்தது. இரண்டையும் வெறுமனே அரைத்துக் கலந்தால் அந்த உறுதி வராது, சூடாக்க வேண்டும். சூட்டில் களிமண்ணின் நுண்ணிய குழாய்களிலிருந்து தண்ணீர் வெளியேற, நீல மூலக்கூறு அங்கே போய்ச் செருகிக்கொள்கிறது.

இது எல்லா நிறமிக்கும் நடக்காது. அவுரி நீலத்தின் மூலக்கூறு சிறியது, தட்டையானது, அந்தச் சூட்டைத் தாங்குவது. டெர்னாட்டின் உருவத்தில் பெரியது, சூட்டில் சிதைவது. அந்தக் குழாய்க்குள் அது நுழையாது. அதற்கு மான்ட்மோரில்லோனைட் போன்ற அடுக்குக் களிமண் ஏற்றது. அமிலத்தில் நேர்மின்னேற்றம் கொண்ட ஆந்தோசயனின், அடுக்குகளுக்கு இடையே இருக்கும் சோடியத்தை வெளியேற்றிவிட்டு அமர்ந்துகொள்ளும். நிறம் சிவப்பு அல்லது ஊதாப் பக்கம் நிலைத்துவிடும். களிமண் மிகுந்தால் படலம் மங்கலாகி ஒடியும் என்பதால் சிறிதளவிலிருந்து தொடங்குங்கள்.

புற ஊதாக் கதிரைத் தடுக்க டைட்டானியம் டை ஆக்சைடு தூள் கலந்தேன். முன்பைவிட வேகமாக வெளுக்கிறது. ஏன்?

அனட்டேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா ஒளியில் ஒரு வினையூக்கி. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் கரிமப் பொருளை எரித்துவிடும். ஆந்தோசயனின் தன் ஹைட்ராக்சில் கைகளால் அந்தத் தூளின் மேலேயே ஒட்டிக்கொள்வதால், காவலுக்கு வைத்ததே அதைத் தின்கிறது. தடுப்பு வேண்டும் என்றால் நிறமி இல்லாத தனி மேலடுக்கில் வையுங்கள்.

மெலனினைப் போன்ற பாலிடோபமைன் பூச்சு இதற்கு நல்ல மாற்று. டோபமைனைப் பிஎச் 8.5 உள்ள கரைசலில் இட்டால் எந்தப் பரப்பின் மேலும் அது படியும் என்று 2007-இல் காட்டினார்கள். அந்தக் காரம் உங்கள் நிறமியைத் தொடாதபடி, தனித் தாளில் பூசி மேலே ஒட்ட வேண்டும். எந்தப் புற ஊதாத் தடுப்பும் முழுத் தீர்வு ஆகாது; நிறமி நிறமாகத் தெரிவதே அது கண்ணுறும் ஒளியை விழுங்குவதால்தான், அந்த ஒளியைத் தடுக்க நமக்கு வழியில்லை.

கோடையில் செய்த படலம் நன்றாக இருந்தது. ஐப்பசி மழையில் அதே படலம் பிசுபிசுத்து நிறம் ஓடிவிட்டது. பாலிமரை மாற்ற வேண்டுமா?

முதலில் கிளிசரினைக் குறையுங்கள். படலம் ஒடியாமல் வளைய வேண்டும் என்று பாலிமர் எடையில் 30 விழுக்காடு வரை கிளிசரின் சேர்ப்பவர்கள் உண்டு. கிளிசரின் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உலர்ந்த பாலிவினைல் ஆல்கஹால் ஆக்சிஜனுக்கு மிகச் சிறந்த தடுப்பு; ஈரம் ஏறினால் சங்கிலிகள் தளர்ந்து, பொருள் கண்ணாடி போன்ற நிலையிலிருந்து ரப்பர் போன்ற நிலைக்குப் போய்விடும். அதன்பின் ஆக்சிஜனும் உள்ளே ஓடும், நிறமியும் நகரும், தண்ணீரும் மூலக்கூறைத் தாக்கும்.

சோதனைக்கு விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. மூடிய கண்ணாடி ஜாடியின் அடியில் சமையல் உப்பின் தெவிட்டிய கரைசலை வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். மக்னீசியம் குளோரைடு என்றால் ஏறத்தாழ 33. இரண்டு ஜாடிகளிலும் ஒரே படலத்தின் துண்டுகளைத் தொங்கவிட்டு, இருட்டில் வைத்துப் பாருங்கள். எங்கள் பகுதி மாணவர்களுக்கு நான் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறேன். கடற்கரை ஊர்களில் 75 என்பது வழக்கமான நாள்தான்.

மீன் உறைக்குள் வைக்கும் படலம் நிறம் மாறி, மீன் கெட்டதைக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் செய்து நிறமியை அசையாமல் நிலைநிறுத்திவிட்டால், அது எப்படிக் காட்டும்?

இந்தக் கேள்வியைத்தான் முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். மீன் கெடும்போது வெளிவரும் அம்மோனியாவும் டிரைமெத்தில் அமீனும் படலத்துக்குள் கரைந்து, பிஎச்சை உயர்த்தி, நீலத்தைப் பச்சையாக்க வேண்டும். அதற்கு நிறமியின் அமைப்பு மாறும் சுதந்திரமும், வாயு உள்ளே வரும் வழியும், அது கரையச் சிறிது ஈரமும் வேண்டும். முந்தைய விடைகளில் எதையெல்லாம் அடைக்கச் சொன்னேனோ அதையெல்லாம் இங்கே ஓரளவு திறந்துவைக்க வேண்டியிருக்கிறது. அலுமினியத்தில் பூட்டிய, களிமண்ணில் செருகிய நிறமி பல மாதம் அழகாக நிற்கும், எதையும் காட்டாது.

ஆகவே எந்த மாற்றத்தைத் தடுக்க வேண்டும், எந்த மாற்றம் நடக்க வேண்டும் என்று முதலில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். மீன் உறைக்குள் வைக்கும் படலம் குளிரிலும் இருளிலும் சில நாள் நின்றால் போதும். அதற்கு உலோகம் வேண்டாம், டெர்னாட்டினின் சொந்த மடிப்பே போதும். பயன்படுத்தும் வரை உலர்ந்த, ஒளி புகாத, காற்று நீக்கிய உறையில் வைப்பதே சிறந்த நிலைநிறுத்தல். பூவும் அப்படித்தான் செய்கிறது: சங்குப்பூ ஒரு நாள் விரிந்து வாடுகிறது, அந்த ஒரு நாளுக்கு வேண்டிய அளவே அதன் ஏற்பாடு.

தண்ணீர் பட்டால் சாயம் கசிகிறது. நிறம் நன்றாக இருந்தும் ஒதுக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

கசிவும் சிதைவும் வேறுவேறு சிக்கல்கள். பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். நீரில் கரையும் நிறமியை நீரில் வீங்கும் பாலிமரில் வைத்தால் அது வெளியேறவே செய்யும். எதிர்மின்னேற்றம் கொண்ட பீட்டாலைனை நேர்மின்னேற்றம் கொண்ட கைட்டோசான் பற்றிக்கொள்ளும். நேர்மின்னேற்றம் கொண்ட சிவப்பு ஆந்தோசயனினை ஆல்ஜினேட்டும் பெக்டினும் பற்றிக்கொள்ளும். இணையை மாற்றிப்போட்டால் எவ்வளவு பிணைத்தாலும் கசியும். அதுவும் போதாவிட்டால் மேலும் கீழும் நிறமியில்லாத மெல்லிய அடுக்கு ஒன்றைப் பூசுங்கள்.

கணவாயின் தோலைப் போல நிறம் மாறும் படலம் செய்ய முடியுமா?

கணவாயின் தோலிலுள்ள நிறமிப் பைகளைத் தசைகள் விரித்துச் சுருக்குவதால் நிறம் நொடிப்பொழுதில் மாறுகிறது. பைக்குள் இருக்கும் நிறமியோ, நுண்மணிகளாகத் திரண்டு, புரதத்தோடு பிணைந்து, உறுதியாக இருக்கிறது. அதன் முக்கிய நிறமி சாந்தோமாட்டின். ஆக்சிஜனேற்ற நிலையில் மஞ்சள், ஒடுக்கிய நிலையில் சிவப்பு என்று இரண்டு நிறம் கொண்டது அது. செந்தும்பிகளில் ஆண், முதிரும்போது மஞ்சளிலிருந்து சிவப்பாவதும் இந்த வகை நிறமி ஒடுக்கம் அடைவதால்தான் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த இனங்களில் ஒன்றான குரோகோதெமிஸ் செர்விலியா நம் குளக்கரைகளிலும் பறக்கிறது.

எனவே மின்னழுத்தம் கொடுத்து நிறம் மாற்றும் படலத்துக்கு இது இயல்பான தேர்வு. அந்தத் திசையில் ஆய்வுகள் நடக்கின்றன. தடை என்னவென்றால், சிவப்பு நிலை காற்றின் ஆக்சிஜன் பட்டால் மஞ்சளுக்குத் திரும்ப முயலும். தும்பியின் உடல் அதைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. நம் படலத்தில் காற்றுப் புகாத மூடலும், எலக்ட்ரானைக் கடத்தும் துணைப்பொருளும் வேண்டும். தொடங்குபவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை; சங்குப்பூவில் கை பழகியபின் வாருங்கள்.

நிறம் எவ்வளவு நின்றது என்று எப்படி அளப்பது? கைபேசிப் படம் போதாதா?

கைபேசி ஒவ்வொரு படத்திலும் வெண்மையைத் தானே திருத்திக்கொள்வதால், படத்துக்குப் படம் ஒப்பிட முடியாது. ஒரே விளக்கு, ஒரே தொலைவு, ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளை அட்டை என்று வைத்துக்கொண்டால் ஓரளவு பயன்படும். நிறமாலைமானி கிடைத்தால் முழு நிறமாலையையும் பதிவுசெய்யுங்கள். உச்சி உயரம் குறைவது ஒன்று, உச்சி இடம் மாறுவது வேறொன்று. முன்னது அழிவு, பின்னது பெரும்பாலும் பிஎச் மாற்றம். ஒற்றை அலைநீளத்தில் மட்டும் அளப்பவர்கள் இரண்டையும் குழப்பிவிடுவார்கள்.

ஒளிக்கு எதிரான உறுதியை அளக்க நீலக் கம்பளி அளவுகோல் என்ற எளிய முறை உண்டு. 1 முதல் 8 வரை எண்ணிட்ட நீலத் துணித் துண்டுகளில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஒளியைத் தாங்கும். அவற்றை உங்கள் படலத்துக்குப் பக்கத்திலேயே ஜன்னலில் வைத்து, எந்த எண்ணோடு உங்கள் படலம் ஒத்து வெளுக்கிறது என்று பாருங்கள். இன்னொரு துண்டைக் கறுப்புத் தாளில் சுற்றி அதே ஜன்னலில் வைக்க மறக்காதீர்கள். அது இல்லாமல், வெளுத்தது ஒளியாலா சூட்டாலா என்று சொல்லவே முடியாது.

வலுவான விளக்கின் கீழ் ஒரு வாரம் தாங்கினால், சாதாரண அறையில் ஓர் ஆண்டு தாங்கும் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். ஒளியின் அளவைப் பத்து மடங்கு கூட்டினால் சிதைவும் சரியாகப் பத்து மடங்கு கூடும் என்ற கணக்கு, ஆக்சிஜன் போதிய வேகத்தில் உள்ளே வந்தால்தான் செல்லும். கடும் ஒளியில் படலத்துக்குள் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, வினை மெதுவாகி, உங்கள் படலம் உண்மையைவிட உறுதியானதாகத் தோன்றலாம். விளக்கு படலத்தைச் சூடாக்கி உலர்த்தியும் விடும். மேலே சொன்ன ஈரத்தின் தீங்கு அப்போது கணக்கில் வராது. வெப்பத்தைக் கூட்டி விரைவுபடுத்தும் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு: 60 பாகையில் பாலிமர் தளர்ந்துவிட்டால், அங்கே பெற்ற வேகத்தை 30 பாகைக்கு நீட்டிக் கணக்கிடுவது பொருந்தாது.

இரண்டு ஒளி அளவு, இரண்டு ஈரப்பதம், இரண்டு வெப்பநிலை என்று வைத்துப் பாருங்கள். கூடவே நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் இடத்தில் ஒரு துண்டை முழுக் காலமும் வையுங்கள். முடிவை எழுதும்போது விளக்கின் வகை, படலத்தின் மேல் விழுந்த ஒளியின் அளவு, படலத்தின் தடிமன், ஈரப்பதம், உலர்ந்தபின் படலத்தின் பிஎச் ஆகிய ஐந்தையும் குறிப்பிடுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும், அடுத்து வருபவர் உங்கள் படலத்தைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது.